வாங்க மறுத்துவிட்டார்

1

2021 செப்டம்பர் முதல் வெள்ளிக்கிழமை, காலை ஒன்பது மணி. "ராகுகாலத்துக்கு முன்னாடி முடிச்சிரணும்" என்று அப்பா சொன்னதால் அந்த நேரம். வீட்டை அடமானம் வைத்து வாங்கிய கடனை அடைக்க நானும் அவரும் போனோம். திண்டுக்கல் பக்கம் ஒரு சிறு நகரத்தின் கடைவீதியில், மாடிப்படிக்குக் கீழே இருக்கிற ஆபீஸ். ஒரு மேசை, ஒரு இரும்பு பீரோ, மாலை போட்ட லட்சுமி படம். அப்பா செருப்பைக் கழற்றினார். நானும் கழற்றினேன். ஏன் கழற்றினேன் என்று இப்போது வரை தெரியவில்லை.

அசல் 8,00,000. ஊரடங்கு நேரத்தில் கட்டாமல் விட்ட மூன்று மாத வட்டி, அந்த மாத வட்டி, எல்லாம் சேர்த்துப் பத்திரக் கணக்குப்படி 8,32,000 ரூபாய். என் சேமிப்பும் ஒரு பெர்சனல் லோனும் சேர்ந்து அந்தப் பணம் என் வங்கிக் கணக்கில் இருந்தது. அவர் கணக்கு எண்ணைச் சொன்னால் அரை மணி நேரத்தில் போய்ச் சேர்ந்துவிடும்.

அவர் சிரித்தார். "என்ன தம்பி அவசரம்? வெள்ளிக்கிழமை அதுவுமா வீட்டிலேர்ந்து பத்திரத்த வெளிய எடுப்பாங்களா? திங்கக்கெழம வாங்க."

திங்கட்கிழமை அமாவாசை. அதற்கடுத்த வாரம் பீரோ சாவி மகனிடம் இருந்தது, மகன் கோயம்புத்தூரில் இருந்தார். அதற்குப் பிறகு புரட்டாசி. பிறகு கணக்குப்பிள்ளைக்குக் காய்ச்சல். பிறகு தீபாவளி. "கணக்குப் பாத்துச் சொல்றேன்" என்ற வாக்கியத்தை நான் எத்தனை முறை கேட்டேன் என்று எண்ணவில்லை. எண்ணியிருக்க வேண்டும். அந்த வாக்கியத்தில் ஒருபோதும் ஒரு எண் வந்ததில்லை என்பதைக் கவனிக்கவே எனக்கு மூன்று மாதம் ஆனது.

நான் பணப் பரிவர்த்தனை மென்பொருள் எழுதுகிறவன். ஏழு வருடமாக அதுதான் வேலை. அனுப்பியவரின் கணக்கில் பணம் இல்லை, சர்வர் படுத்துவிட்டது, ஒரே தொகை இரண்டு முறை போய்விட்டது, பதில் வராமல் டைம்அவுட் ஆகிவிட்டது என்று எல்லாச் சிக்கலுக்கும் நிரல் எழுதியிருக்கிறோம். வாங்க வேண்டியவர் தனக்கு வர வேண்டிய பணத்தையே வேண்டாம் என்று சொல்வார் என்ற நிலைமைக்கு மட்டும் நாங்கள் யாரும் ஒரு வரி எழுதியதில்லை. அப்படி ஒன்று நடக்கும் என்று எங்களுக்குத் தோன்றவே இல்லை. கந்துவட்டியைப் பற்றிப் பேசுகிற நம் சமூகத்துக்கும் தோன்றுவதில்லை. இந்தக் கட்டுரை அதைப் பற்றியது.

2

தமிழில் 'கடன்காரன்' என்ற சொல் விசித்திரமானது. கடன் வாங்கியவனும் கடன்காரன்தான், கடனைக் கேட்டு வாசலில் வந்து நிற்கிறவனும் கடன்காரன்தான். ஆனால் வசவாக அதைச் சொல்லும்போது மட்டும் அது வாங்கியவனை நோக்கியே பாயும். 'நாணயம்' என்ற சொல்லும் அப்படித்தான். காசுக்கும் அதே பெயர், நேர்மைக்கும் அதே பெயர். கடனைத் திருப்பித் தருபவன் நாணயஸ்தன். சரி. திருப்பித் தந்ததை வாங்கிக்கொண்டு ரசீதும் பத்திரமும் தருகிறவனுக்கு என்ன பெயர்? பெயரே இல்லை. அப்படி ஒரு கடமை அவனுக்கு இருப்பதாக நாம் நினைத்ததே இல்லை.

இராவணனின் கலக்கத்துக்குக் கடன் பட்டவனின் நெஞ்சை உவமையாகச் சொல்லும் வரியைப் பட்டிமன்ற மேடைகள் கம்பன் தலையில் கட்டிவிட்டன. அது அருணாசலக் கவிராயரின் இராம நாடகத்தில் இருப்பது. யார் எழுதியிருந்தாலும், கடன் கொடுத்தவன் நெஞ்சைப் பற்றி ஒரு உவமை நமக்கு மனப்பாடமாக இருக்கிறதா? இல்லை. கடன் என்றாலே அதை நாம் வாங்கியவனின் ஒழுக்கப் பிரச்சினையாக மட்டுமே படித்து வளர்ந்திருக்கிறோம்.

நான் இந்தக் கதையைச் சொன்னபோது என் வயது நண்பர்கள் கேட்ட முதல் கேள்வியே இதற்குச் சாட்சி. "ஒழுங்கா கட்டியிருந்தா ஏன்டா பிரச்சினை வரப்போகுது?"

கட்டினார். அதற்கான கணக்கு இது. 2017 ஜூன் மாதம் பதிவு செய்த அடமானப் பத்திரம். மூன்று வருடக் கெடு. பத்திரத்தில் ஆண்டுக்கு 12 சதவீதம். வாய்ப்பேச்சில் நூற்றுக்கு இரண்டு ரூபாய், அதாவது ஆண்டுக்கு 24 சதவீதம். மாதம் 8,000 வங்கி வழியாக, இன்னொரு 8,000 ஒரு பையன் வந்து கையில் வாங்கிக்கொண்டு போவான். 2017 ஜூலை முதல் 2021 ஆகஸ்ட் வரை 50 மாதம். ஊரடங்கில் விட்ட மூன்றைக் கழித்தால் 47. வங்கியில் போனது 3,76,000. பையன் கையில் போனதும் 3,76,000. மொத்தம் 7,52,000. எட்டு லட்சத்தை வாங்கி ஏறக்குறைய எட்டு லட்சத்தை வட்டியாகவே கொடுத்துவிட்ட மனிதரைப் பார்த்துத்தான் ஒழுங்காகக் கட்டினாரா என்று கேட்கிறார்கள்.

3

இரண்டாவது கேள்வி: "அவர் ஏன் வேணாம்னு சொல்லணும்? பணத்துக்குத்தானே கடன் குடுக்கறாங்க?"

பணத்துக்காகக் கொடுத்தார்தான். 2017இல் அவருக்குத் தேவைப்பட்டது பணம். 2021இல் எங்கள் வீட்டுக்கு முன்னூறு மீட்டர் தள்ளி புறவழிச் சாலை வந்தது. எட்டு லட்சத்துக்கு ஈடாகக் கிடந்த நாலு சென்ட் வேறொரு பொருளாகிவிட்டது. பணத்தை வாங்கினால் அவருக்கு எட்டு லட்சம் கிடைக்கும். வாங்காமல் இருந்தால் வீடு கிடைக்க வாய்ப்பு உண்டு. அந்த வாய்ப்புக்கு அவர் செய்ய வேண்டிய ஒரே வேலை, அப்பாவை 'கட்டத் தவறியவர்' ஆக்குவது. கட்டிக்கொண்டே இருப்பவரை அப்படி எப்படி ஆக்க முடியும்? வாங்காமல் இருந்தால் போதும்.

அந்த மாதத்திலிருந்து பையன் வருவது நின்றது. வங்கியில் அனுப்பிய 8,000 திரும்பி வந்தது, கணக்கு மூடப்பட்டிருந்தது. 2022 பொங்கலுக்குப் பிறகு போன் எடுப்பதும் நின்றது. ஊர்ப் பெரியவர்கள் இரண்டு பேரை வைத்துப் பேசினோம். "பேசி முடிச்சுக்கலாம், கோர்ட்டு கேசுன்னு போயிராதீங்க" என்றார்கள். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார்கள். ஆனால் பேசுவதில் கழிகிற ஒவ்வொரு மாதமும் யாருக்கு லாபம் என்று அவர்களும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை.

2022 ஜூலையில் அவருடைய வக்கீல் நோட்டீஸ் வந்தது. தொடர்ந்து பத்து மாதங்களுக்கு மேலாக வட்டி கட்டத் தவறிவிட்டீர்கள். அது தவிர, தனியாகக் கைமாற்றாக வாங்கிய 5 லட்சத்துக்குப் புரோநோட்டு உள்ளது. பதினைந்து நாளில் எல்லாவற்றையும் கட்டாவிட்டால் சட்டப்படி நடவடிக்கை.

அந்த 5 லட்சம் எங்கிருந்து வந்தது? 2017இல் பத்திரம் பதிந்த அன்று அப்பா கையெழுத்துப் போட்டுக் கொடுத்த வெற்றுப் புரோநோட்டிலிருந்து. "சும்மா ஒரு நம்பிக்கைக்கு" என்று வாங்கி வைத்தது.

"உங்கப்பா ஏன் வெற்றுத் தாளில் கையெழுத்துப் போட்டார்? ஏன் பேங்குக்குப் போகவில்லை?" என்று கேட்பீர்கள். போனார். லேத் பட்டறைக்கு வருமான வரிக் கணக்கு இல்லை. மனை கூட்டுப் பட்டாவில் இருந்தது. வீட்டுக்கு பிளான் அப்ரூவல் இல்லை. அக்கா கல்யாணத்துக்கு 40 நாள் இருந்தது. 1762ஆம் வருடம் இங்கிலாந்தில் வெர்னன் எதிர் பெத்தெல் என்ற அடமான வழக்கில் லார்ட் நார்திங்டன் இதைத்தான் சொன்னார்: தேவையில் இருக்கிறவன் உண்மையில் சுதந்திரமானவன் இல்லை, அன்றைய நெருக்கடியைக் கடக்க எதிரில் இருப்பவன் வைக்கும் எந்த நிபந்தனைக்கும் அவன் சம்மதிப்பான் என்று. 260 வருடத்துக்கு முன்னால் விக் வைத்த ஒரு நீதிபதிக்குப் புரிந்தது, 2022இல் என் ஐடி நண்பர்களுக்குப் புரியவில்லை.

4

இது புதிய தந்திரமும் அல்ல. பழைய ஆங்கிலேயச் சட்டத்தில் குறித்த நாளில் பணம் தராவிட்டால் நிலம் போயிற்று, அவ்வளவுதான். அந்த நாளில் பணத்தோடு வந்தவர்கள் கண்ணில் படாமல் இருந்துவிட்டால் போதும் என்பது கொடுத்தவர்களுக்குத் தெரிந்திருந்தது. அதனால்தான் சான்சரி நீதிமன்றம் தலையிட்டு, நாள் கடந்தாலும் பணத்தைத் தந்து மீட்கும் உரிமை உண்டு என்ற கொள்கையை உருவாக்கியது. ரோமானியர்களுக்கும் இந்த ஆள் பரிச்சயமானவர்தான். வாங்க மறுத்தால் கடனாளி பணத்தை முத்திரையிட்டு ஒரு கோயிலிலோ பொது இடத்திலோ ஒப்படைத்துவிடலாம் என்று அவர்கள் வழி வைத்திருந்தார்கள்.

நம் ஊரிலும் இதற்கு ஒரு கதை உண்டு. 1870இல் சென்னை மாகாணத்திலிருந்து லண்டன் பிரிவி கவுன்சிலுக்குப் போன பட்டாபிராமய்யர் எதிர் வெங்கடராவ் நாயக்கர் வழக்கில், நிபந்தனைக் கிரயமாக எழுதிய அடமானத்தை எழுத்து எப்படியோ அப்படியே நிறைவேற்ற வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. கெடு தாண்டினால் நிலம் போயிற்று. 1882இல் சொத்து மாற்றுச் சட்டம் வந்த பிறகுதான் அந்தக் கதவு திறந்தது. பிரிவு 60: கெடு வந்த பிறகு எப்போது வேண்டுமானாலும் பணத்தைத் தந்து, பத்திரங்களைத் திரும்பக் கேட்கலாம், கடன் தீர்ந்ததற்கு எழுத்து மூலமான ஒப்புதலும் கேட்கலாம். எப்போது வேண்டுமானாலும் என்பதற்கும் வரம்பு உண்டு, 30 வருடம்.

இலக்கியம் படிக்கிறவர்களுக்கு ஒரு நினைவூட்டல். 'வெனிஸ் நகர வணிகன்' நாடகத்தை நாமெல்லாம் பள்ளியிலேயே படித்தோம். ஒரு ராத்தல் சதை நினைவிருக்கும். அதே காட்சியில் பஸ்ஸானியோ கடன் தொகையைப் போல இரண்டு மடங்கு தருகிறேன் என்று நீதிமன்றத்திலேயே நீட்டுகிறான், ஷைலாக் வேண்டாம் என்கிறான். அது நினைவிருக்கிறதா? கடைசியில் போர்ஷியா ரத்தம் சிந்தாமல் வெட்டு என்று மடக்கிய பிறகு, சரி, அந்தப் பணத்தையாவது கொடுங்கள் என்று ஷைலாக் கேட்கிறான். கிடையாது, எல்லோர் முன்னாலும் நீ அதை மறுத்துவிட்டாய் என்கிறாள். சிறுவயதில் ரத்தத் தந்திரம் மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. இப்போது படிக்கும்போது அந்த நாடகமே பணத்தை வாங்க மறுத்த ஒருவனின் கதையாகத் தெரிகிறது. இதையும் சொல்லிவிட வேண்டும்: ஷைலாக்குக்காவது ஒரு காயம் இருந்தது. யூதன் என்பதற்காக அவன்மேல் துப்பினார்கள். எங்கள் ஊர்க்காரர்மேல் யாரும் துப்பவில்லை. அப்பா அவரை "மொதலாளி" என்றுதான் கூப்பிட்டார்.

5

எனக்கு வழி சொன்னது ஊர்ப் பெரியவர்களோ, கூகுளோ அல்ல. எங்கள் ஊர் நீதிமன்றத்தில் பிராக்டிஸ் செய்யும் ஓர் இளம் வக்கீல். நான் ஒரு மணி நேரம் புலம்பியதை எல்லாம் கேட்டுவிட்டு அவர் கேட்ட ஒரே கேள்வி: "நீங்க குடுக்க வந்தீங்க, அவர் வாங்கலைங்கறதுக்கு என்ன ப்ரூஃப் இருக்கு?"

ஒன்றுமே இல்லை. ஒரு வருடம் நடந்தோம். வாய்ப்பேச்சு, போன் கால், பெரியவர்கள். ஒரு துண்டுத் தாள்கூட இல்லை. சாஃப்ட்வேரில் லாக் எழுதாதவனைத் திட்டுகிற நான், என் அப்பாவின் வீட்டு விஷயத்தில் ஒரு லாக்கூட எழுதி வைக்கவில்லை.

2022 ஆகஸ்டில் வக்கீல் சொன்னபடி கணக்குப் போட்டோம். அசல் 8,00,000. ஊரடங்கு மூன்று மாதத்துக்கு 24,000. செப்டம்பர் முதல் ஆகஸ்ட் வரை பன்னிரண்டு மாதத்துக்கு 96,000. மொத்தம் 9,20,000. வங்கியில் டிடி எடுத்து, அதன் நகலோடு ஒரு கடிதம்: பணம் தயாராக இருக்கிறது, மூலப்பத்திரத்தோடு எங்கள் வக்கீல் அலுவலகத்துக்கு வந்து பெற்றுக்கொண்டு ரசீது ஆவணம் பதிந்து தாருங்கள். ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபால். எட்டு நாள் கழித்து உறை பிரிக்கப்படாமல் திரும்பி வந்தது. மேலே தபால்காரர் நீல மையில் எழுதியிருந்தார்: 'வாங்க மறுத்துவிட்டார்.'

எனக்கு எரிச்சலாக இருந்தது. வக்கீல் சிரித்தார். "சார், இத பிரிச்சிராதீங்க. ஒரு வருஷமா நீங்க சொல்லிட்டிருந்தத இந்த தபால்காரர் ரெண்டே வார்த்தையில எழுதிக் குடுத்துட்டாரு."

அடுத்தது அதே 1882ஆம் வருடச் சட்டத்தின் பிரிவு 83. அடமானக் கடனைக் கொடுத்தவர் வாங்காவிட்டால், நிலுவை முழுவதையும் நீதிமன்றத்தில் அவர் பெயரில் கட்டிவிடலாம். நீதிமன்றம் அவருக்கு நோட்டீஸ் அனுப்பும். அவர் ஒப்புக்கொண்டால், தன்னிடம் உள்ள பத்திரங்களை நீதிமன்றத்தில் ஒப்படைத்துவிட்டுப் பணத்தை எடுத்துக்கொள்ளலாம். பிரிவு 84 அதன் பல்: முறையாகப் பணத்தைக் கொடுக்க முன்வந்த நாளிலிருந்து, அல்லது நீதிமன்றத்தில் கட்டி அவருக்கு நோட்டீஸும் சேர்ந்ததிலிருந்து, அசலுக்கு வட்டி ஓடாது.

வட்டி ஓடாது. இந்த இரண்டு சொல்லை வைத்துக்கொண்டுதான் நான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன். வாங்க மறுப்பது என்ற தந்திரம் முழுக்க ஓடிக்கொண்டே இருக்கும் வட்டியின்மேல் கட்டப்பட்டது. அந்த மீட்டரை நிறுத்தும் சுவிட்ச் 140 வருடத்துக்கும் மேலாகச் சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. கந்துவட்டிக்கு எதிரான தமிழ்நாட்டின் 2003ஆம் வருடச் சட்டத்திலும் இதன் தம்பி போல ஒரு பிரிவு இருக்கிறது. அரசு நிர்ணயித்த வட்டியோடு கடன் தொகையைக் கடனாளி நீதிமன்றத்தில் கட்டிவிட்டு, கடன் தீர்ந்ததாகப் பதியக் கேட்கலாம்.

அதற்காக இது மந்திரக்கோல் என்று சொல்ல மாட்டேன். கொடுத்தவர் தொகை போதாது என்று தகராறு செய்தால், பிரிவு 83இன் கீழ் நீதிமன்றம் அதைத் தீர்த்துவைக்காது. மீட்பு வழக்கு தனியாகப் போட வேண்டும். எங்கள் விஷயத்தில் அதுதான் நடந்தது. 2022 அக்டோபரில் 9,36,000 ரூபாயைக் கட்டினோம். அவர் புரோநோட்டைக் காட்டித் தொகை போதாது என்றார். நாங்கள் மீட்பு வழக்குப் போட்டோம். அது இன்னும் நடக்கிறது. பையன் கையில் போன 3,76,000 ரூபாய்க்கு எந்தக் கணக்கும் இல்லை, அது போனதுதான். இருபதாயிரம் ரூபாயோ அதற்கு மேலோ உள்ள கடனை ரொக்கமாக வாங்குவதையும் திருப்புவதையும் வருமான வரிச் சட்டம் பொதுவாகத் தடுக்கிறது என்பதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும்.

காவல் நிலையத்துக்கும் போனோம். "சிவில் மேட்டர் சார்" என்றார்கள். 2022 ஜூனில்தான் 'ஆபரேஷன் கந்துவட்டி' என்று மாநிலக் காவல் துறை அறிவித்திருந்தது. 2017 அக்டோபரில் திருநெல்வேலி ஆட்சியர் அலுவலக வளாகத்தில் கந்துவட்டிக் கொடுமையால் கணவன், மனைவி, இரண்டு பெண் குழந்தைகள் தீயில் வெந்ததை நாடே பார்த்தது. ஆட்சியரிடம் மனு மேல் மனு கொடுத்துப் பார்த்தவர்கள் அவர்கள். நெருப்பு வரும்வரை எல்லாமே சிவில் மேட்டர்தான்.

6

"வட்டிக்கு விடுறவங்க இல்லைன்னா உங்கப்பாவுக்கு யார் குடுத்திருப்பா? ரிஸ்க் எடுக்கறாங்கல்ல?" மிச்சமிருக்கும் வாதம் இதுதான்.

முதல் பாதியை ஏற்றுக்கொள்கிறேன். வங்கி கொடுக்கவில்லை, அவர் கொடுத்தார். அக்கா கல்யாணம் நடந்தது. அந்த நன்றி அப்பாவுக்கு இன்னமும் இருக்கிறது, அதை நான் கேலி செய்ய மாட்டேன். ஆனால் ரிஸ்க் என்றால் என்ன? பணம் திரும்பி வராமல் போகலாம் என்பதுதானே? அந்த பயத்துக்கான விலைதான் 24 சதவீதம். 47 மாதம் அந்த விலையை வாங்கியவர், அசல் முழுசாக வாசலுக்கு வந்து நிற்கும்போது வேண்டாம் என்றால், அவர் பயந்தது பணம் வராமல் போவதற்கு அல்ல, வந்துவிடுவதற்கு. திரும்பி வருவதை விரும்பாத ஒருவர் கொடுத்ததைக் கடன் என்று சொல்லவே கூடாது. அது வீட்டுக்குக் கொடுத்த குறைந்த விலை அட்வான்ஸ்.

எனவே என் கோபம் அந்த ஒரு மனிதர்மேல் மட்டும் இல்லை. 2023 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி ஒரு விதி கொண்டுவந்தது. தனிநபர் கடன் முழுதாக அடைந்த 30 நாளுக்குள் வங்கிகளும் நிதி நிறுவனங்களும் மூலப்பத்திரத்தைத் திருப்பித் தர வேண்டும். அவர்கள் பக்கத் தாமதம் என்றால் நாளுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு. அந்த விதி வந்த அதே மாதம் எங்கள் வீட்டுப் பத்திரம் அந்த இரும்பு பீரோவுக்குள் லட்சுமி படத்துக்குக் கீழே இருந்தது. தாமதத்துக்கு நாளொன்றுக்கு சுழியம் ரூபாய். வங்கி வாசலில் கால் வைக்க முடிந்தவனுக்கு ஒரு நீதி, வைக்க முடியாதவனுக்கு அமாவாசை, புரட்டாசி, காய்ச்சல்.

நான் கேட்பது பெரிய புரட்சி இல்லை. தனியாரிடம் வைத்த அடமானத்துக்கும் அதே 30 நாள், அதே இழப்பீடு வேண்டும். கடனாளி பணத்தோடு வந்து நின்றதை அவரே சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்து, அது வில்லங்கச் சான்றிதழில் தெரிய வழி வேண்டும். அடமானம் பதியும்போதே, கைரேகை வைப்பதற்கு முன்னால், வாங்க மறுத்தால் நீதிமன்றத்தில் கட்டலாம் என்று இரண்டு வரி தமிழில் படித்துக் காட்ட வேண்டும். கண்காணிப்பு கேமரா இருக்கிற அந்த அறையில் அந்த இரண்டு வரிக்கு இடம் இல்லையா?

சட்டம் மாறும்வரை, இதைப் படிக்கிற உங்களிடம் ஒரு வேலை. உங்களில் பலர் என்னைப் போல வெளியூரில் வேலை பார்ப்பவர்கள். அப்பாவின் கடனை அவமானம் என்று நினைத்துக் கேட்காமல் விட்டிருப்பீர்கள். அவரும் அவமானம் என்று நினைத்துச் சொல்லாமல் விட்டிருப்பார். இந்த வாரம் போன் செய்து கேளுங்கள். எங்கே வைத்தீர்கள், பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது, கையில் போகிற பணம் எவ்வளவு, வெற்றுத் தாளில் எத்தனை கையெழுத்து. வட்டியை முழுக்க வங்கி வழியாக அனுப்புங்கள். அடைக்கப் போகிறீர்கள் என்றால் வாயால் கேட்காதீர்கள், ஒப்புகையுடன் கூடிய தபாலில் கேளுங்கள். இரண்டாவது முறை "கணக்குப் பாத்துச் சொல்றேன்" என்ற பதில் வந்தால், மூன்றாவது முறை அங்கே போகாதீர்கள். வக்கீலிடம் போங்கள். நாங்கள் போகாமல் விட்டது பதினொரு மாதம்.

எங்கள் வழக்கில் அடுத்த வாய்தாவுக்கு ஆறு வாரம் இருக்கிறது. உறை வக்கீலின் கட்டில் இருக்கிறது, பிரிக்கப்படாமல். வீடு இன்னும் முழுசாக எங்களுடையது ஆகவில்லை. நீதிமன்றத்தில் பணம் கட்டிய அன்று இரவு அப்பா கேட்டார்: "ஏப்பா, அப்ப இன்னைக்கு ராத்திரி வட்டி ஏறுமா, ஏறாதா?"

நோட்டீஸ் அவருக்குச் சேரும்வரை முழு உறுதி சொல்ல முடியாது என்று வக்கீல் சொல்லியிருந்தார். அதை எல்லாம் நான் விளக்கவில்லை. "ஏறாதுப்பா" என்றேன்.

நோட்டீஸ் சேர்ந்து ரொம்ப நாளாகிவிட்டது. இப்போதும் மாதத்தின் முதல் தேதி போன் செய்து அதையேதான் கேட்கிறார். நானும் அதையேதான் சொல்கிறேன்.